பனைக்குளத்துக்குப் பனையும் குளமும் போதும்

ஆசிரியருக்கு,

ஊராட்சிகள் ஜெர்மன் கிராமங்களைப் போலத் தங்களுக்கென ஒரு கேடய வடிவச் சின்னம் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் அந்தச் சின்னங்கள் எப்படி உருவாயின என்று பார்க்காமல் வரைந்தால், கோபுரம், படகு, மீன், கலங்கரை விளக்கம் எல்லாம் திணித்த கல்யாண பிளெக்ஸ்தான் மிஞ்சும்.

அங்கும் பல கிராமங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் சின்னம் பெற்றன. பழமை அதிலுள்ள உருக்களுக்கு. சிவப்புத் தரையில், அதாவது பின்னணியில், ஆறு ஆரக்கால் வெள்ளைச் சக்கரம் இருந்தால், அது பெரும்பாலும் மைன்ஸ் நகரப் பேராயரின் ஆட்சியில் இருந்த ஊர். பேராயர் வில்லிகிஸ் வண்டித் தச்சரின் மகன், அதனால்தான் சக்கரம் என்பார்கள். பின்னாளில் கட்டிய கதை அது.

ஊர்ப்பெயரையே படமாக்குவது இன்னொரு வழி. ஜெர்மனில் கரடிக்குப் 'பேர்' என்று பெயர். பெர்லின் சின்னத்தில் கரடி நிற்கிறது. நம் பனைக்குளத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நிறத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கேடயச் சின்னங்களின் மரபில் மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்னும் உலோகங்கள்; சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது. தூரத்திலிருந்தே கேடயத்தை அடையாளம் காண வந்த விதி இது. நாட்டுப்படகில் நீலத்தின் மேல் பச்சையில் எழுதிய பெயரைக் கரையில் நின்று படிக்க முடிகிறதா? வெள்ளையில் எழுதியதைப் படிக்கலாம்.

சின்னத்துக்கு ஆதாரம் படமல்ல, சொல். "வெள்ளைத் தரையில் பச்சைப் பனை, அடியில் நீலம், அதில் வெள்ளை அலைக்கோடு இரண்டு" என்று தீர்மானத்தில் எழுதிவிட்டால் எந்த ஓவியரும் வரையலாம். இடம் வலம் குறிக்கும்போது கவனம்: கேடயம் பிடித்தவரின் வலம், பார்ப்பவருக்கு இடம். கேடயத்துக்குள் ஊர்ப்பெயரும் வேண்டாம். யாழ்ப்பாண மன்னர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியோடு 'சேது' என்று பொறித்தார்கள் என்றால், அது காசில், கேடயத்தில் அல்ல.

தீர்மானத்துக்கு முன் படத்தை 3 செ.மீ. ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி, கறுப்பு மையில் மட்டும் அடித்துப் பாருங்கள். தேவிபட்டினத்துக்கு, கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தை வரைந்தால் 9 கற்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மை பரவி ஒட்டிக்கொண்டால் கற்களை மெலிதாக்கி இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு கல்லையும் குறைக்காதீர்கள்.

– ஒரு வாசகர், ராமநாதபுரம்