மிஸ் ப்ரிஸத்தின் கைப்பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். அன்றைக்கு போனில் நீ அடுக்கிய குறைகளுக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, நீயும் ஓடிவிட்டாய். ஆங்கில இலக்கியம் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பொதுவிலேயே போடுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

உன் முதல் குறை, ஒரே செமஸ்டரில் ஐந்து பக்கத்துக்கு நினைவுக்குறிப்பு எழுதவும் சொல்கிறார்கள், ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தையும் படிக்கச் சொல்கிறார்கள் என்பது. "ஒன்றில் உண்மையை எழுது என்கிறார்கள், இன்னொன்றில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பொய்தான், இரண்டுக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்றாய். அப்புறம், எழுத உன் வாழ்க்கையில் ஒன்றுமே இல்லை என்றாய். கடைசியாக, வகுப்பில் நாடகத்தை வாசிக்கும்போது உன் தோழிக்கு நாயகி க்வெண்டலன் வேஷம் கிடைக்க, உனக்கு மட்டும் கிழவி வேஷம், மிஸ் ப்ரிஸம். அதைச் சொல்லும்போதுதான் உன் குரல் ரொம்பவே இறங்கிப்போனது.

நான் அந்தக் கிழவியிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற இரண்டு குறைகளுக்கும் பதில் அவளிடம்தான் இருக்கிறது.

கதையை நீ படித்துவிட்டாய், இருந்தாலும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். ஜாக் கிராமத்தில் பொறுப்பான ஆள். லண்டனுக்கு வந்தால் எர்னஸ்ட் என்று பெயரை மாற்றிக்கொள்கிறான். கிராமத்தில் கேட்டால் எர்னஸ்ட் என்று ஊதாரித் தம்பி ஒருவன் இருப்பதாகக் கதை விடுகிறான். அவன் நண்பன் அல்ஜெர்னான், பிடிக்காத விருந்துகளுக்குப் போகாமல் தப்பிக்க, பன்பரி என்று ஒரு நோயாளியைக் கற்பனையில் வளர்த்து வைத்திருக்கிறான். அந்த வீடுகளில் யாரும் கூசாமல் பொய் சொல்கிறார்கள். ஆனால் கவனி, அந்தப் பொய்களை உடைப்பது யார்? யாரும் மனம் திருந்தி ஒப்புக்கொள்வதில்லை. முதல் அங்கத்தில் ஜாக் மறந்து வைத்துவிட்டுப் போன சிகரெட் பெட்டி அவனைக் காட்டிக்கொடுக்கிறது. உள்ளே "அன்புள்ள ஜாக் மாமாவுக்கு, குட்டி செசிலி" என்கிற மாதிரி பொறித்திருக்கிறது. செசிலி கிராமத்தில் ஜாக்கின் பொறுப்பில் வளர்கிற பெண். எர்னஸ்டின் பெட்டியில் ஜாக்குக்கு என்ன வேலை? கடைசி அங்கத்தில் ஒரு பழைய கைப்பை அவனுடைய பிறப்பையே வெளியே கொண்டுவருகிறது. வாய்கள் எல்லாம் புளுகுகிற நாடகத்தில் உண்மையைச் சொல்வது பொருள்கள்.

நீ நினைவுக்குறிப்பு எழுத உட்காரும்போது இந்த ஒன்று மனதில் இருந்தால் போதும்.

அதற்கு முன்னால் அந்த நாடகத்தில் டைரி எழுதுகிற இரண்டு பெண்களையும் பார்த்துவிடலாம். க்வெண்டலன் டைரி இல்லாமல் பயணமே போகமாட்டாள். ரயிலில் படிப்பதற்குப் பரபரப்பாக ஏதாவது வேண்டுமாம், அதற்கு அவளுடைய டைரியே போதுமாம். செசிலி இன்னும் ஒரு படி மேலே. பார்த்தே இராத எர்னஸ்டோடு பிப்ரவரி 14 அன்று தனக்கு நிச்சயதார்த்தம் ஆனதாக எழுதி வைத்திருக்கிறாள். நடுவில் கோபித்துக்கொண்டு முறித்ததும் மறுபடி சேர்ந்ததும்கூட அதில் இருக்கிறது. நினைவு என்பது நாம் எல்லோரும் கூடவே சுமக்கிற டைரி என்று மிஸ் ப்ரிஸம் சொல்லும்போது செசிலி என்ன பதில் சொல்கிறாள் என்று பார்: ஆமாம், ஆனால் நடக்காததையும் நடக்கவே முடியாததையும்தானே அது எழுதி வைக்கிறது என்கிறாள். நினைவுக்குறிப்பு எழுதுகிறவர்கள் விழுகிற பள்ளங்கள் இரண்டும் இந்த இரண்டு பெண்களிடமே இருக்கின்றன. ஒன்று, வாசகனுக்குப் பரபரப்பு வேண்டும் என்று எழுதுவது. இன்னொன்று, நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதை நடந்ததாக எழுதுவது.

இப்போது மிஸ் ப்ரிஸம். செசிலிக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். 28 வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். அப்போது தான் எழுதிய மூன்று பாக நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தள்ளுவண்டியிலும் குழந்தையைக் கைப்பையிலும் ஞாபகமறதியாக மாற்றி வைத்துவிட்டாள். பையை விக்டோரியா ரயில் நிலையத்தில் பொருள் வைக்கும் அறையில் விட்டுவிட்டாள். அந்தக் குழந்தைதான் ஜாக். அந்த நாவல் சகிக்க முடியாத உணர்ச்சிப் பிழிவு என்று க்வெண்டலனின் அம்மா லேடி ப்ராக்னல் சொல்கிறாள். அதில் நல்லவர்கள் நன்றாக இருந்தார்கள், கெட்டவர்கள் கெட்டுப்போனார்கள், புனைவு என்றால் அதுதான் என்று ப்ரிஸமே இரண்டாம் அங்கத்தில் விளக்கமும் கொடுத்திருக்கிறாள்.

கடைசியில் ஜாக் மாடியிலிருந்து ஒரு கறுப்புத் தோல் பையைக் கொண்டுவந்து, இதுதானா அந்தப் பை, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் சந்தோஷம் உங்கள் பதிலில்தான் இருக்கிறது என்கிறான். அவள் நிதானமாகப் பார்க்கிறாள். இந்த அடி கோவர் தெரு ஆம்னிபஸ் (குதிரை இழுக்கிற அந்தக் காலத்து பஸ்) கவிழ்ந்தபோது பட்டது, அது என் இளமைக்காலம், நல்ல காலம் என்கிறாள். உள்துணியில் உள்ள கறை லெமிங்டனில் மது கலக்காத பானம் ஒன்று வெடித்துச் சிந்தியதால் வந்தது. பூட்டின் மேல் தன் பெயரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. ஏதோ ஆடம்பர எண்ணத்தில் போட்டுக்கொண்டது, அதை மறந்தே போயிருந்தாளாம். பை திரும்பக் கிடைத்ததில் சந்தோஷம், இத்தனை வருடம் அது இல்லாமல் ரொம்பச் சிரமமாக இருந்தது என்று முடிக்கிறாள். எதிரில் நிற்கிறவன் அந்தக் குழந்தையாக இருக்கலாம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

அரங்கம் சிரிக்கும், சிரிக்கவும் வேண்டும். ஆனால் பாப்பா, மூன்று பாக நாவலில் முடியாதது அந்த மூன்று தகவலில் முடிந்துவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. அவள் சின்ன வயதில் லண்டனில் ஆம்னிபஸ்ஸில் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. மது தொடாத கட்டுப்பாடு இருந்தது. யாரும் வாங்கித் தராத ஓர் ஆடம்பரத்தை ஒரே ஒரு முறை தனக்குத் தானே செய்துகொண்டாள். எவ்வளவு தனிமை பார். அவள் அதை உணர்ச்சி பொங்கச் சொல்லவில்லை, அடியையும் கறையையும் எழுத்தையும் மட்டும் காட்டினாள். கடைகளில் விற்கிற நோட்ஸ் எல்லாம் 'விக்டோரியன் சமூகத்தின் மீதான கிண்டல்' என்று பக்கம் பக்கமாக எழுதும், இந்தப் பையைப் பற்றி வாய் திறக்காது.

நீ அனுப்பிய முதல் வரைவைப் படித்தேன். 'விடாமுயற்சி இருந்தால் வெற்றி நிச்சயம்' என்று முடித்திருக்கிறாய். அது ப்ரிஸத்தின் நாவல். எனக்கு வேண்டியது அவளுடைய பை.

உங்கள் துறையிலேயே ஆங்கிலத்தில் படிக்கிற இன்னொரு புத்தகத்தையும் இங்கே எடுத்து வைத்துக்கொள். பாமாவின் 'கருக்கு', தமிழில் 1992இல் வந்தது, லக்ஷ்மி ஹோல்ம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு காட்சியைப் பார்க்கிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். பொட்டலம் அவிழ்ந்துவிடாதா என்று அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் அதைக் கொண்டுபோய் நாயக்கரிடம் குனிந்து கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாள், அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தொட்டால் தீட்டு என்றுதான் அப்படிப் பிடித்துப் போனார் என்று சொல்கிறான். அதோடு சிரிப்பு நின்றது. சாதியைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், அந்த நூலும் எண்ணெய் ஊறிய பொட்டலமும் போல எதுவும் என்னைப் பிடித்து உலுக்கியதில்லை. சிரிப்பையும் விட்டுவிடாமல் எழுதினாரே, அதுதான் நேர்மை. குழந்தை முதலில் சிரித்தது, அதுவும் உண்மை.

சிரிப்பு என்றதும் வைல்டிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. அவருடைய சொந்த வாழ்க்கையையும் இந்த நாடகத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பேன். 1894 கோடையில் வொர்திங் என்ற கடற்கரை ஊரில் குடும்பத்தோடு தங்கி இதை எழுதினார். ஜாக்கின் குடும்பப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். முதலில் நான்கு அங்கம். நாடகத்தைத் தயாரித்து நடித்த ஜார்ஜ் அலெக்ஸாண்டர் குறைக்கச் சொல்லி மூன்றாக்கினார்கள். வெட்டுப்பட்ட காட்சி ஒன்றில், சவாய் ஹோட்டல் பாக்கிக்காக எர்னஸ்டைப் பிடித்து ஹாலோவே சிறைக்குக் கொண்டுபோக ஒருவர் வருகிறார். நாடகம் 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் அரங்கேறியது, செசிலியின் டைரியில் இருக்கிற அதே தேதி. ஏப்ரல் 5 அன்று வைல்ட் கைதானார். விசாரணைக் கைதியாக அவரை வைத்த இடம் ஹாலோவே. ஆண்களோடு உறவு வைத்தார் என்பதுதான் குற்றம். மே 25 அன்று இரண்டு வருடக் கடுங்காவல். அதற்குள் விளம்பரத் தாள்களில் அவர் பெயரை மறைத்துவிட்டார்கள், பிறகு நாடகத்தையே நிறுத்திவிட்டார்கள்.

1897 தொடக்கத்தில் ரெடிங் சிறையிலிருந்து அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒரே ஓர் ஆளுக்கு, தன் நண்பர் ஆல்ஃபிரட் டக்ளஸுக்கு. 'டி ப்ரொஃபுண்டிஸ்' என்ற பெயரில் 1905இல் சுருக்கமாகவும், 1962இல் முழுமையாகவும் அச்சானது. அதில் ஒரு இடம்: சிறை மாற்றும்போது கைவிலங்கோடு, கைதி உடுப்போடு, க்ளாப்ஹாம் ஜங்ஷன் நடைமேடையில் அரை மணி நேரம் அவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நவம்பர் மழை. ரயில் ரயிலாக வந்து கூடியவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாரென்று தெரியாதபோதே சிரித்தவர்கள், தெரிந்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அதன் பிறகு ஒரு வருடம், தினமும் அதே நேரத்தில் அவ்வளவு நேரம் அழுததாக எழுதுகிறார். நாடகத்தில் குழந்தை கிடைத்த இடம் விக்டோரியா, பிரைட்டன் பாதை என்று ஒரு பெரிய நகைச்சுவை வருகிறதே, அந்தப் பாதையில்தான் இருக்கிறது க்ளாப்ஹாம் ஜங்ஷன்.

அவர் அந்த நாளை நவம்பர் 13 என்று எழுதினார். சிறை மாற்றம் நடந்தது சுமார் ஒரு வாரம் கழித்து என்று ஆய்வாளர்கள் திருத்துகிறார்கள். செசிலி சொன்னது சரிதான், நினைவு பிசகும். ஆனால் தேதி பிசகியதால் அந்த மழை பொய்யாகிவிடவில்லை. தேதியை நாம் சரிபார்த்துக்கொள்ளலாம், மழையை அவர் ஒருவரால்தான் எழுத முடியும்.

சரி, எழுத ஒன்றுமில்லை என்றாயே. உன் வீட்டுப் பரணில் அம்மாவின் டிரங்குப் பெட்டி கிடக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கு விடுதிக்குப் போனபோது தாத்தா வாங்கிக் கொடுத்தது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவள் பெயரை அவரே எழுதினார், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கி எழுதியிருப்பார். வலது மூலை நசுங்கியிருக்கும். பஸ் மேலிருந்து விழுந்தது என்பாள் உன் அம்மா. ஓடு மாற்றும்போது மரம் விழுந்தது என்பாள் பாட்டி. வாங்கும்போதே நசுங்கித்தான் இருந்தது, அதனால்தான் தாத்தாவுக்கு விலை படிந்தது என்பது என் ஞாபகம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதே, மூன்றையும் எழுது. யார் எதைச் சொல்கிறார்களோ அதில் அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். அம்மாவுக்கு அது வெளியூர் போன பெருமை, பாட்டிக்கு வீடு, எனக்கு அப்பாவின் பை காலியாக இருந்த காலம். உள்ளே என்ன இருந்தது, வீட்டைவிட்டு முதல் தடவை கிளம்பிய பெண் எதை எடுத்துக்கொண்டாள், எதை விட்டுவிட்டுப் போனாள் என்று அவளிடம் கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை.

எழுதும்போது மேடத்துக்காக எழுதாதே, யாராவது ஒருவருக்கு எழுது. அம்மாவுக்கே எழுதினாலும் சரி. யாருக்குச் சொல்கிறோம் என்று தெரிந்துவிட்டால், எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகப் பிடிபடும்.

அப்புறம், ப்ரிஸம் வேஷத்தை மாற்றிக் கேட்காதே. வைல்ட் இந்த நாடகத்தை அற்ப விஷயங்களைப் பற்றியது, ஆனால் ஆழ்ந்த மனிதர்களுக்கானது என்கிற மாதிரி துணைத்தலைப்புப் போட்டிருக்கிறார். நடிக்கிறவர்கள் சிரிப்பு மூட்டப் பார்த்தால் அது செத்துவிடும். பையை வாங்கியதும் உடனே வசனத்தை ஆரம்பிக்காதே. முதலில் அடியைத் தேடு, பிறகு உள்ளே திறந்து கறையைப் பார், கண்டுபிடித்த பிறகு சொல். பை கிடைத்த சந்தோஷத்தை முழு மனதோடு சொல். ஒத்திகைக்கு நிஜமான பழைய பை ஒன்று வேண்டும், புதுப்பையை வைத்துக்கொண்டு அந்த வசனம் வராது. பாட்டி வீட்டு பீரோவுக்கு மேலே தாத்தாவின் தோல் பை இருக்கிறது, ஜிப் போய்விட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை ஊருக்கு வந்தால் எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாமா