சார்லஸ் சீசல் அவர்களுக்கு, ஆட்டிடம் முட்டு வாங்கியவன் எழுதும் மடல்

அன்புள்ள சார்லஸ் சீசல் அவர்களுக்கும், யார்க் நகரத்தில் கணினி கேம்கள் செய்யும் ரெவல்யூஷன் சாஃப்ட்வேரில் அவரோடு வேலை பார்க்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். முதலில் ஆட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதில் மனம் போகாது.

உங்கள் ‘ப்ரோக்கன் சோர்டு’ கேமில் வரும் அயர்லாந்தின் லாக்மார்ன் கிராமம். இடிந்த கோட்டை, உள்ளே அகழ்வாய்வுக் குழி, குழியில் இறங்க ஓர் ஏணி, ஏணிக்குக் காவலாகக் கயிற்றில் கட்டிய ஆடு. கேமின் நாயகன் ஜார்ஜ் ஏணியை நெருங்கினால் முட்டித் தள்ளும். மறுபடி போனால் மறுபடி முட்டும். 1996இல் நீங்கள் வெளியிட்ட அந்தக் கேம் என் கைக்கு வந்தது கல்லூரி விடுதியில், எட்டு வருஷம் தாமதமாக. ஜார்ஜின் பையில் இருந்த எல்லாவற்றையும் அந்த ஆட்டிடம் நீட்டிப் பார்த்தேன். மூன்று நாள் போனது. கடைசியில் என் அறைத்தோழன் எரிச்சலில் மவுஸைப் பிடுங்கிக் கண்டபடி அமுக்கியதில், முட்டு வாங்கி விழுந்த ஜார்ஜ் எழுந்த கையோடு பக்கத்தில் கிடந்த உழவுக் கருவியை நோக்கி ஓடினான். துரத்திய ஆட்டின் கயிறு அதில் சிக்கிக்கொண்டது. அவன் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் கரண்ட் ஷாக் என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

உலகம் முழுக்க ஆடியவர்கள் இந்த ஆட்டை இன்னும் மறக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். எனக்கு அதில் கஷ்டம் ஒரு குறையே இல்லை. யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதுவரை எங்களைப் பழக்கிவிட்டு, திடீரென்று அந்த ஓர் இடத்தில் மட்டும் கை வேகத்தைக் கேட்டீர்கள். சொல்லாமல் விதியை மாற்றினீர்கள். அதுதான் குறை.

அதே கேமில் சிரியாவில் ஒரு குன்றின் உச்சி வரும். கொலைகாரன் கான் துப்பாக்கியோடு எதிரில் நிற்கிறான். தப்ப வழியில்லை. அப்போதுதான் பாரிஸ் வேடக்கடையில் விளையாட்டாக வாங்கிய பஸ்ஸர் ஞாபகத்துக்கு வரும். கையில் மாட்டிக்கொண்டால் கைகுலுக்குபவரை உலுக்கிப்போடும் சாமான். சாகப்போகிறவன் கைகுலுக்கக் கேட்கிறான். விடை இத்தனை நேரமும் என் பையிலேயே கிடந்திருக்கிறது! அந்த இடத்தில் எனக்கு என் மேல்தான் கோபம் வந்தது, உங்கள் மேல் இல்லை. புதிய கேமில் எவ்வளவு கடினமான புதிரை வேண்டுமானாலும் வையுங்கள். திட்டுவதென்றால் நான் என்னையே திட்டிக்கொள்ளும்படி வையுங்கள்.

சரி, புதிய கேமுக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் ‘பார்சிவால்ஸ் ஸ்டோன்’, அதாவது பார்சிவாலின் கல், என்று ஆறாவது பாகத்தை அறிவித்தீர்கள். 2024இல் முதல் பாகத்தைப் புதிதாக வரைந்து கொடுத்தீர்கள். அது பசிக்குத் தண்ணீர் குடித்த மாதிரி கொஞ்ச நாள் தாங்கியது. தலைப்பில் உள்ள இரண்டு சொற்களும் அன்றிலிருந்து என்னைக் குடைகின்றன.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வொல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் என்ற ஜெர்மன் கவிஞர் பாடிய காவியம் ‘பார்சிவால்’. கிறிஸ்தவக் கதைகளில் வீரர்கள் தேடி அலையும் புனிதப் பொருளான கிரெயில் என்றால் எல்லோரும் கிண்ணம் என்பார்கள். அவரோ அதைக் கல் என்கிறார். அதைக் காப்பவர்களுக்கு அவர் வைத்த பெயரில் சிலுவைப் போர்க்காலத் துறவி வீரர்களான டெம்ப்ளர்களின் சாயல் தெரிகிறது. முதல் பாகத்தில் ஜார்ஜை, பாரிஸ் பத்திரிகையாளர் நிக்கோவின் துணையோடு, ஊர் ஊராக அலையவிட்டவர்கள் அதே டெம்ப்ளர்கள்தானே. நீங்கள் அங்கேயே திரும்பிப் போகிறீர்களோ என்று நினைத்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆனால் அந்தக் காவியத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது கல் அல்ல. இளைஞன் பார்சிவாலுக்கு ஒரு பெரியவர் புத்தி சொல்லி அனுப்புகிறார்: அதிகம் கேள்வி கேட்காதே. அவனும் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறான். கிரெயில் கோட்டையில் ஆறாத புண்ணோடு அரசர் அன்ஃபோர்ட்டாஸ் துடிக்கிறார். இவன் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் படுத்துவிடுகிறான். காலையில் எழுந்தால் கோட்டையில் ஆளே இல்லை. ஒரு கேள்வியைக் கேட்காததற்காக வருஷக்கணக்கில் அலைகிறான். முடிவில் திரும்பி வந்து கேட்கிறான்: “மாமா, உங்களுக்கு என்ன செய்கிறது?” அரசர் உண்மையிலேயே அவனுடைய தாய்மாமன். அந்த ஒரு வரியில் புண் ஆறிவிடுகிறது.

இப்போது உங்கள் ஜார்ஜ் ஸ்டாபார்ட்டைப் பாருங்கள். பாரிஸ் பாதாளச் சாக்கடையில் எடுத்த கோமாளி மூக்கையும் நனைந்த டிஷ்யூவையும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நீட்டி “இதைப் பற்றி ஏதாவது தெரியுமா?” என்று கேட்பவன். கேள்வி கேட்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன். கேட்காமல் விட்டுத் தோற்றவனின் கல்லை, கேட்டே ஊரைச் சலிக்கவைப்பவன் தேடிப்போகிறான். இதைவிடப் பொருத்தம் அமையுமா?

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் கேம்களில் பேச்சு தொடங்கியதும் திரையில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். நாங்கள் கடலை கொறிப்பதுபோல ஒன்றுவிடாமல் அமுக்கித் தீர்ப்போம். கேள்விக்கு அங்கே விலையே இல்லை. இந்த முறை ஒரே ஓர் இடத்திலாவது கேள்வியே புதிராக இருக்கட்டும். யாரிடம், எந்த நேரத்தில், எதைக் கேட்க வேண்டும் என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கேட்டால் கோட்டை காலியாகட்டும், பரவாயில்லை. பார்சிவாலுக்கே இரண்டாவது வாய்ப்பு கிடைத்ததே, எங்களுக்கும் ஒன்று வையுங்கள்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். 2003இல் வந்த மூன்றாவது பாகத்தில் மவுஸை எடுத்துவிட்டு எங்களைப் பெட்டி தள்ளவைத்தீர்கள். காலத்தின் கட்டாயம் என்று அன்றைக்கு மன்னித்துவிட்டேன். மறுபடி ஒரு மரப்பெட்டியைத் தள்ளச் சொன்னால் மன்னிக்கமாட்டேன். ஐந்தாவது பாகத்துக்கு 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 4,00,000 டாலர் கேட்டீர்கள், ரசிகர்கள் 7,70,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். படமும் இசையும் கண்ணுக்கும் காதுக்கும் விருந்துதான். ஆனால் கதையை இரண்டாக நறுக்கி 2013 டிசம்பரில் பாதியும் மறு ஏப்ரலில் மீதியும் கொடுத்தது சாப்பாட்டில் ரசத்தோடு இலையை எடுத்த மாதிரி இருந்தது. இந்த முறை முழுதாகக் கொடுங்கள், தாமதமானாலும் சரி.

ஜார்ஜின் குரல் ரோல்ஃப் சாக்ஸன்தான், அதில் பேச்சே இல்லை. ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்தில் டாம் குரூஸ் கயிற்றில் தொங்கி இறங்கிய அந்த அறையின் சொந்தக்காரரான சிஐஏ ஊழியராக வந்தவரும் இவர்தான் என்று தெரிந்த அன்று நான் பட்ட பெருமைக்கு அளவில்லை. அதுவும் அதே 1996. நிக்கோவுக்குத்தான் பாகத்துக்கு ஒரு குரல். பாவம் அவள்.

கடைசியாக ஒரு கடன். 1994இல் நீங்கள் செய்த ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’யை 2003இல் எல்லோருக்கும் இலவசமாக விட்டீர்கள். காசு கொடுத்துக் கேம் வாங்க வழியில்லாத காலத்தில் நான் நேர்வழியில் ஆடிய முதல் பெரிய கேம் அதுதான். உங்கள் வீட்டுக்கு நான் வந்த வாசல் அது. ஆறாவது பாகத்தை வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்குவேன். தள்ளுபடிக்காகக் காத்திருக்கமாட்டேன்.

அறைத்தோழனிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். அவன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, கேம் ஆடி வருஷங்கள் ஆகின்றன. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: “இதிலும் ஆடு வருமாடா?”

அவனுக்காகவும் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
லாக்மார்னில் மூன்று நாள் விழுந்து கிடந்த ஒருவன்