மதுரைத் திரையரங்கு உரிமையாளர்களுக்கு: வாரநாள் காலைக் காட்சி ஒன்று வேண்டும்

மதுரையில் தியேட்டர் நடத்துபவர்களுக்கும் ஆபரேட்டர் அறையில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

பெருங்கூட்டம் கண்ட நம் ஊர்த் தங்கம் தியேட்டர் நின்ற இடத்தில் இன்று ஜவுளிக்கடை. அந்தக் கூட்டத்தை நாங்கள் திரும்பக் கேட்கவில்லை. உங்களிடம் உள்ள ஆகச் சின்ன ஸ்கிரீனில், ஆள் வராமல் ரத்தாகும் வாரநாள் காலைக் காட்சியை மாற்றுப் படங்களுக்கு, அதாவது வழக்கமான வணிகப் பாணியில் இல்லாத படங்களுக்குக் கொடுங்கள். டிக்கெட் 100 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சென்சார் சான்று உள்ள படங்களையே போடலாம்.

ஆனால் காட்சிக்கு முந்தைய நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பூட்டிய படக் கோப்பைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கேடிஎம், உங்கள் சர்வருக்கென்றே செய்யப்படுவது. படக் கோப்பைத் திறந்து ஓட்டும் மீடியா பிளாக் பலகையை மாற்றியிருந்தால் பழைய விவரத்துக்கு வந்த சாவி திறக்காது. வெளிநாட்டுச் சாவியில் திறக்கும் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால், காலை 10 என்று போட்டது இங்கே மாலை 3.30. முந்தைய நாளிலிருந்தே செல்லுபடியாகும் சாவியாகக் கேட்டு வாங்குங்கள்.

அதிகம் சொதப்புவது சட்டகத்தில். நம் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப் எனும் மிக அகலமான சட்டகம் என்பதால் புரொஜெக்டர் அதற்கென்று முன்பே சேமித்த அமைப்பிலேயே (பிரீசெட்) நிற்கும். அதில் அகலம் குறைந்த ஃபிளாட் சட்டகப் படத்தைப் போட்டால் மேலும் கீழும் திரைக்கு வெளியே வழியும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் 1.37 விகிதம் (அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு), 1998 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள ஃபிளாட் சட்டகத்தின் நடுவே சுமார் 1480 புள்ளி அகலத்தில்தான் படம் இருக்கும், இருபுறமும் கறுப்பு. 'ஸ்கிரீன் நிறையலையே' என்று ஜூம் செய்தால் மேலே நெற்றி போகும், கீழே சப்டைட்டிலின் இரண்டாம் வரி போகும். ஈரானியப் படத்தில் அந்த வரி போனால் பாதி வசனம் போச்சு. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

3டி ஃபில்டரை லென்ஸ் முன்னாலிருந்து எடுத்துவிடுங்கள். அது இருந்தால் பாதி வெளிச்சத்துக்கு மேல் அங்கேயே நின்றுவிடும், இரவுக் காட்சிகள் வெறும் இருட்டாகும். டிரெய்லர் காதைக் கிழிக்கிறதே என்று 4-க்கு இறக்கிய சவுண்ட் ஃபேடரை (ஒலி அளவுக் குமிழ்) 7-க்கு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். இந்தப் படங்களில் மெல்லப் பேசுவார்கள்.

இடைவேளை? 90 நிமிடப் படத்தை நடுவில் வெட்ட வேண்டாம். கேன்டீன் வருமானம் உங்களுக்கு முக்கியம், தெரியும். படத்துக்கு முன் 15 நிமிடம் கடையைத் திறந்துவையுங்கள். டீயும் பஃப்ஸும் அப்போதே போகும்.

எந்தக் கிழமை, எந்த ஸ்கிரீன் என்று சொல்லுங்கள். சட்டகம் சரியா என்று பார்க்கும் டெஸ்ட் சார்ட் படத்தை ஹார்ட் டிரைவில் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
மதுரை மாற்றுத் திரைப்பட ரசிகர்கள்