பூம்பாறைக்கு எங்கள் நன்றி

பூம்பாறை மக்களுக்கும், அன்று இரவெல்லாம் போன் செய்து விசாரித்த நண்பர்களுக்கும்,

எங்களோடு மலை நடக்க வந்தவளை நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஊசி குத்திய கை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மற்றபடி நன்றாகப் பேசுகிறாள், பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். கொடைக்கானல் மேல்மலையின் கூக்கால் பாதையில் நனைந்து, குளிரில் அவள் உடல் விறைத்துப்போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

மூடுபனியில் டார்ச்சோடு தேடி வந்த இளைஞர்கள், மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு மட்டக்குதிரையைக் கொடுத்த அண்ணன், காசு வாங்க மறுத்த ஜீப்காரர், 108 ஊழியர்கள், இரவுப் பணியில் இருந்த டாக்டர், நர்ஸ் அக்காக்கள் என அத்தனை பேருக்கும் எங்கள் கும்பிடு. ஒருவர் இல்லாவிட்டாலும் இன்று இந்த மடலை எழுதியிருக்க முடியாது.

அப்புறம், அந்தப் பாட்டி. பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

பூண்டு வயல்களை ஒட்டிய முதல் வீடு அவருடையது. குதிரையிலிருந்து அவளை இறக்கியதும் நாங்கள் நேராக அடுப்பு பக்கம் கொண்டுபோகப் பார்த்தோம். பாட்டி குறுக்கே வந்து நின்றார். “மொதல்ல ஈரத்தக் கழட்டு தாயி, நெருப்பெல்லாம் பொறவு” என்றார். ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நனைந்து கனத்துப்போன ஜீன்ஸை உருவ எங்கள் விரல்கள் வரவில்லை. அவரே உருவினார். தலையைத் துவட்டினார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத அரக்குப் புடவை ஒன்றை எடுத்து அவளைச் சுற்றினார். அதற்கு மேல் தன் கம்பளி. ஊர்க்கோயில் குழந்தை வேலப்பரின் தேர்த் திருவிழாவுக்குக் கட்டிக்கொள்ள வைத்திருந்த புடவை அது என்று பேரன் பிறகுதான் சொன்னான்.

நாங்கள் காலைத் தேய்க்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். “நெஞ்சுக்கூடு சூடாகட்டும், காலு தானா வரும்” என்று அவளைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்புக்கு மேலே பூண்டுக் கொத்துகள் தொங்கின. வீடு முழுக்க அந்தப் புகை வாசம். அவள் கண் திறந்து தானாக விழுங்க ஆரம்பித்த பிறகுதான் வெல்லம் போட்ட வெந்நீரை வாய் வாயாகக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, பாட்டி செய்தது அத்தனையும் சரி என்றார். ஈரத்துணி உடம்புச் சூட்டை வெகு வேகமாக உறிஞ்சிவிடுமாம். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே ஆபத்து. நடுக்கம் நின்றதும் தேறிவிட்டாள் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் நிலைமை முற்றியதன் அறிகுறி. அந்த நேரத்தில் கை காலைத் தேய்த்துச் சூடேற்றினால் அங்கிருக்கும் குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பிக் கேடு செய்யும் என்றும் விளக்கினார். பாட்டிக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆறாயிரம் அடிக்கு மேல், உறைபனியில் ஆடு மாடும் பிள்ளை குட்டியும் காப்பாற்றியே வாழ்ந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை போலும்.

எங்களை யார், எந்த ஊர், எந்த ஆட்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போதும் புடவையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வரை நடந்து வந்து கம்பளியின் ஓரத்தை அவள் கழுத்தடியில் செருகிவிட்டுத்தான் போனார். எனக்கு அது நினைவுக்கு வரும்போதெல்லாம் கண் நிறைந்துவிடுகிறது.

மார்கழி, தையில் மேல்மலைக்கு நடக்கக் கிளம்பும் யாரைப் பார்த்தாலும் இனி நான் இதைச் சொல்லப்போகிறேன்: பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு செட் உலர்ந்த துணி, ஒரு கம்பளி. இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பாட்டியின் பேரனே, தம்பி, இதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டு. புடவையைத் துவைத்து, பெட்டி போட்டு வைத்திருக்கிறோம். தேருக்கு முன்னாலேயே எல்லோரும் வந்து கையில் கொடுக்கிறோம், அவளும் வருகிறாள். பாட்டி வேண்டாம் என்றாலும் ஒரு புதுக் கம்பளியும் வரும்.