பதக்கம் கொடுத்தீர்கள், சம்பளத்துக்கு வழி செய்யுங்கள்

அமெரிக்கத் தேசியக் கலை நிதியத்தின் தலைமைக்கும், அதற்குப் பணம் ஒதுக்கும் நாடாளுமன்றக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இந்த நாட்டில் வரி கட்டுபவள், நடனத்தை நேசிப்பவள் என்ற இரண்டு உரிமைகளோடு எழுதுகிறேன். நடனத்தை நம்பி ஒரு கறுப்பினப் பெண் வாழ முடியுமா என்பது அவள் திறமையை மட்டும் பொறுத்ததாக இல்லை. உங்கள் மானிய விதிகளையும் பொறுத்திருக்கிறது.

கறுப்பின நடனக் கலைஞர் பேர்ல் பிரைமஸை நினைத்துப் பாருங்கள். 1940இல் உயிரியலில் பட்டம் பெற்றவர். கறுப்பினப் பெண் என்பதால் ஆய்வகங்களில் வேலை கிடைக்கவில்லை. வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு நடத்திவந்த தேசிய இளைஞர் நிர்வாகத்தை நாடினார். மேடைக்குப் பின்னால் உடைகளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. பிறகு அங்கிருந்த நடனக் குழுவில் மாற்று ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1943இல் நியூயார்க் விமர்சகர்கள் அவரைப் புகழ்ந்து எழுதினார்கள். அரசுச் சம்பளம் ஒன்று இல்லாதிருந்தால் அந்த நடனக் கலைஞர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

இன்னொரு கறுப்பின நடனக் கலைஞரான கேத்ரின் டனமின் 'லாக்யா' என்ற நடனப் படைப்பு 1938இல் சிகாகோவில் அரங்கேறியதும் அரசின் நாடகத் திட்டத்தில்தான். அதே டனம் 1951இல் சிலி நாட்டில், அமெரிக்காவில் வெள்ளையர்கள் கும்பலாகச் சேர்ந்து கறுப்பர்களைக் கொல்லும் கொடுமையை மேடையேற்றினார். அதன்பின், மற்ற குழுக்களை அரசுச் செலவில் உலகம் சுற்ற அனுப்பிய வெளியுறவுத் துறை அவருக்கு மட்டும் கைகொடுக்கவில்லை. பொதுப்பணம் ஒரு கலைஞரை வளர்க்கும், தண்டிக்கவும் செய்யும்.

கதவுகள் திறக்காதபோது இந்தப் பெண்கள் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். ஜோன் மையர்ஸ் பிரவுன் பாலே ஆட ஆசைப்பட்ட காலத்தில் பிலடெல்பியாவின் வெள்ளையர் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. அவர் 1960இல் சொந்தப் பள்ளியையும் 1970இல் பிலடான்கோ குழுவையும் தொடங்கினார். அதே 1970இல் டென்வரில் கிளியோ பார்க்கர் ராபின்சன், 1968இல் டேட்டனில் ஜெரல்டின் பிளண்டன், 1976இல் டல்லாஸில் ஆன் வில்லியம்ஸ், 1984இல் நியூயார்க்கில் ஜவோலே வில்லா ஜோ ஸோலர். எத்தனை தலைமுறைக் கலைஞர்களுக்கு இவர்களுடைய குழுக்கள் முதல் வேலையைக் கொடுத்திருக்கின்றன! 2012ஆம் ஆண்டுக்கான தேசியக் கலைப் பதக்கம் பிரவுனுக்குக் கிடைத்தபோது மனம் நிறைந்தது. ஆனால் பதக்கத்தைக் காட்டி ஒத்திகைக் கூடத்துக்கு வாடகை கட்ட முடியாது.

உங்கள் விதி என்ன சொல்கிறது? நீங்கள் தரும் தொகைக்கு ஈடான தொகையைக் குழுவும் திரட்டிக் காட்ட வேண்டும். பெரிய பாலே நிறுவனம் அதை ஒரே இரவு விருந்தில் திரட்டிவிடும். செல்வந்தர்களை நிர்வாகக் குழுவில் வைத்துக்கொள்ள வாய்ப்பில்லாத கறுப்பினப் பெண்ணின் குழு என்ன செய்யும்? பத்தாயிரம் டாலர் மானியத்தோடு இன்னொரு பத்தாயிரத்தை எப்படியோ புரட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு வாரம் ஐந்நூறு டாலர் கொடுத்தால் நான்கு வாரங்களில் தீர்ந்துவிடும். மீதி 48 வாரங்கள் அவர்கள் எதைச் சாப்பிடுவது?

கணக்கில் வராத செலவுகளும் உண்டு. பாலே காலணி வெள்ளைத் தோலுக்கு ஏற்ற வெளிர் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தது. கறுப்பினப் பெண்கள் முகப்பூச்சைக் குழைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் தங்கள் நிறத்தைப் பூசிக்கொண்டார்கள். பெயர்பெற்ற ஃப்ரீட் நிறுவனம் பழுப்புக் காலணிகளைக் கொண்டுவந்தது 2018இல்தான்! அத்தனை ஆண்டுகள் பூச்சும் அவர்கள் காசு, நேரமும் அவர்களுடையது.

1996இல் உங்கள் ஆண்டு ஒதுக்கீட்டை 16.2 கோடி டாலரிலிருந்து 9.9 கோடிக்கு வெட்டினார்கள். நடன அமைப்பாளர்களுக்கு நேரடியாகத் தரும் உதவித்தொகையும் அதோடு போயிற்று. 2025இல் பின்தங்கிய சமூகங்களுக்கான 'சேலஞ்ச் அமெரிக்கா' மானியத்தை நிறுத்தினீர்கள். மே மாதத்தில், ஏற்கெனவே அறிவித்த மானியங்களையும் ரத்துசெய்து மின்னஞ்சல் அனுப்பினீர்கள். பணத்தை நம்பி ஒப்பந்தம் போட்ட சிறு குழுக்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சிறு குழுக்களுக்கு ஈட்டுத்தொகை விதியைத் தளர்த்துங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு என்று தராமல், சம்பளத்துக்கும் வாடகைக்கும் உதவும்படி மூன்றாண்டுக்குத் தொடர்ந்து தாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களே, தனிக் கலைஞர்களுக்கு மானியம் தர நிதியத்துக்கு நீங்கள் போட்ட தடையை நடனத்துக்காவது அடுத்த ஒதுக்கீட்டு மசோதாவிலேயே நீக்குங்கள்.

இப்படிக்கு,
நடனத்தை நேசிக்கும் ஒரு தமிழ்க் குடிமகள்