தம்பியிடமே கேட்ட அந்தப் பெண்ணுக்கும், உங்கள் எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான், வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டான். ஐப்பசியிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள், அதை மறுபடி எழுதப்போவதில்லை. ஒவ்வொருவருக்காக போன் போட்டு நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், பேசத் தொடங்கினாலே அழுகை வந்துவிடுகிறது, அதனால் இந்த மடல். எழுதியதை அவனிடம் காட்டினேன். ஒரு பத்தியை அடித்துவிட்டு "சரி, போடுக்கா" என்றான். அவனுக்கு இருப்பது பைபோலார், மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறிப் பறந்து இன்னொரு சமயம் சோர்ந்து விழுகிற நோய். அதைப் பெயர் சொல்லியே எழுதச் சொன்னதும் அவன்தான். ஊருக்குச் சொல்லிவைத்திருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' கதை இத்தோடு போதுமாம்.

முதல் நன்றி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் செய்ததைக் கேட்டால் இதற்கா இவ்வளவு பெரிய நன்றி என்று நீங்கள் கேட்கலாம். அவர் அன்றைக்கு ரத்தம் எடுக்க மறுத்தார், அவ்வளவுதான்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தம்பி சாப்பிடுவது லித்தியம். மனம் மேலே பறப்பதையும் பாதாளத்துக்குப் போவதையும் இரண்டையும் பிடித்து நிறுத்துகிற மருந்து, ஆனால் அளவில் ரொம்பக் கறார். ரத்தத்தில் லிட்டருக்கு பொதுவாக 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் வேலை செய்யாது. 1.5-ஐத் தாண்டினால் கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று விஷமாக மாறத் தொடங்கும். அதனால் ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தம் பார்க்கிறார்கள், அளவு நிலைத்த பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. அந்த ரத்தத்தையும் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சீட்டிலும் இல்லை.

காலை எட்டு மணிக்குக் கூட்டம் வாசல் வரை நின்றது. எங்கள் முறை வந்தது, பணமும் கட்டியாகிவிட்டது. அந்தப் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், நேராகத் தம்பியைப் பார்த்து, "அண்ணா, காலை மாத்திரை போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். போட்டுவிட்டேன் என்றான். "அப்போ இன்னைக்கு வேண்டாண்ணா. அளவு கூடுதலாக் காட்டும், அதைப் பார்த்துட்டு டாக்டர் மாத்திரையைக் குறைச்சிடுவாங்க. நாளைக்கு மாத்திரையைக் கையில எடுத்துட்டு வாங்க, ரத்தம் குடுத்துட்டு இங்கயே போட்டுக்கலாம்." கட்டிய பணத்தை மறுநாளுக்கு மாற்றச் சொல்லி கவுண்டருக்கும் அவரே குரல் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் குத்தி எடுத்து அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தப்பான எண் வந்திருக்கும், மருந்து குறைந்திருக்கும், அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது அவர் கேள்வியை யாரிடம் கேட்டார் என்பது. அத்தனை வாரங்களாக "பையன் தூங்குறானா, பையன் சாப்பிட்டானா" என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். முப்பத்தைந்து வயது, கணக்கு எழுதிச் சம்பாதிக்கிற ஆள்! மறுநாள் அவனே சட்டைப் பையில் மாத்திரையை வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் தயாராகி நின்றான். ஊசி ஏறும்போது, "இது பேட்டரியில போடுற லித்தியம்தானாம்மா?" என்று கேட்டான். "அதேதாண்ணா, இது அதோட உப்பு. நீங்க சார்ஜ் போட்டுக்கத் தேவையில்லை" என்று அவர் சொல்ல, இவன் சிரித்தான். அவன் அளவாகச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் தன் மருந்தைப் பற்றித் தேடிப் படித்து எனக்குச் சொல்ல ஆரம்பித்தான். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதியாக இருந்தவராம். லித்தியத்தை முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தாராம். முடிவுகளை 1949-ல் எழுதினார். அன்றைக்கு ரத்த அளவைக் கண்காணிக்கும் பழக்கம் இல்லாததால் சிலர் விஷமேறி இறந்தும் போயிருக்கிறார்கள். அமெரிக்கா 1970-ல்தான் அனுமதி தந்தது. ஆக, இந்த மருந்தைத் தைரியமாகச் சாப்பிட முடிவதே அந்தப் பெண் மாதிரி ஆட்கள் சரியான நேரத்தில் ரத்தம் எடுப்பதால்தான்.

மற்றவர்களை மொத்தமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் நிதானமாகப் பேசியவருக்கு; மனம் பறந்த நாட்களில் அவன் வாங்கிக் குவித்த போன்களை ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்ப எடுத்துக்கொண்ட கடைக்காரருக்கு; மனநோய்க்கெல்லாம் காப்பீடு கிடையாது என்று சொன்னவர்களிடம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதிக்கொடுத்த நண்பருக்கு; முட்டிவலிக்கு மாத்திரை கேட்டபோது, "லித்தியம் சாப்பிடுறவருக்கு டைக்ளோஃபினாக் தரமாட்டேன், டாக்டரைக் கேளுங்க" என்று திருப்பி அனுப்பிய மெடிக்கல் அண்ணாச்சிக்கு; சித்தியின் ரசத்துக்கு. தர்காவுக்கும் கோயிலுக்கும் கூப்பிட்டவர்களுக்கும் நன்றி. போனோம், கும்பிட்டோம், மாத்திரையை நிறுத்தவில்லை.

ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பல வருடமாக அவனுக்கு வெறும் மனச்சோர்வு என்றுதான் வைத்தியம் நடந்தது. சோர்ந்து கிடந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவோம். தூங்காமல் வேலை செய்து, ஊருக்கெல்லாம் விருந்து வைத்து, சந்தோஷமாக இருப்பவனை யார் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்? பைபோலார் உள்ளவர்களில் சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அதுவே மேலே தூக்கிவிட்டுவிடும் என்று இப்போதைய டாக்டர் சொன்னார். உங்கள் வீட்டில் யாராவது மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆனால் அவர்களுடைய 'நல்ல' நாட்கள் எப்படி இருந்தன என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தையில் சின்னவள் கல்யாணம், எல்லோரும் வருவீர்கள். அதற்கு இப்போதே சில வேண்டுகோள். அவன் நலம் விசாரிக்க வேண்டுமென்றால் அவனிடமே விசாரியுங்கள், நானும் இனி அவனுக்காகப் பதில் சொல்வதாக இல்லை. பந்தியில் அக்கறையாக "உப்பைக் குறைப்பா" என்று சொல்லாதீர்கள், திடீரென்று உப்பைக் குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். முக்கியமாக, முதல் நாள் ராத்திரி. தூக்கம் கெட்டால் எல்லாம் மறுபடி கிளம்பிவிடலாம் என்பதால் அவன் பத்து மணிக்குப் படுத்துவிடுவான், மண்டபத்து மாடியில் கடைசி அறை அவனுக்கு. மாப்பிள்ளை அழைப்பானாலும் சரி, மச்சான்கள் கூப்பிட்டாலும் சரி, அந்தக் கதவைத் தட்டக் கூடாது. சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள், எனக்கு ரம்மி அவனைவிட நன்றாகவே வரும்.