நேபாளத்தில் பள்ளிக்கூடம் கட்டும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மா வருவோர் போவோர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் வண்ணம் பூசிய வகுப்பறை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்ணம் பூச நேபாளம்வரை போக வேண்டியதில்லை என்று அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். அங்குள்ள கொத்தனார்கள் உன்னைவிட நேராகச் சுவர் எழுப்புவார்கள். அவர்களுக்குக் கூலி தவறாமல் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டாலே நீ பெரிய வேலை செய்தவளாவாய். இதற்கும் கோபித்துக்கொள்வாய், தெரியும்.

இரண்டாவது படத்தில், ஜன்னலின் மேல்மூலையிலிருந்து ஒரு விரிசல் சரிவாக ஓடுகிறது. அது பூச்சோடு நிற்கிறதா, கல்லுக்கிடையிலும் போயிருக்கிறதா என்பது பூச்சை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். மண்சாந்தில் கல் அடுக்கிய சுவர் நிலம் குலுங்கும்போது உள்முகம் ஒரு பக்கமும் வெளிமுகம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து சரியும் என்பதால்தான், இரு முகங்களையும் பிணைக்கும் நீளக் கற்களும், ஜன்னலுக்கு அடியிலும், அதன் மேல்விளிம்பான லிண்டல் மட்டத்திலும் கூரைக்குக் கீழும் கட்டடத்தைச் சுற்றி மூலைகளில் அறுபடாமல் ஓடும் பட்டைகளும் வேண்டும் என்கிறார்கள். அவை இல்லாத சுவருக்கு எத்தனை வண்ணம் பூசினாலும் பயனில்லை. பூச்சை உடைத்துப் பார்.

2015 ஏப்ரல் 25 அன்று அந்த நாடு குலுங்கியது பகல் நேரத்தில்தான். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் உள்ளே பிள்ளைகள் இல்லாததற்குக் காரணம், சனிக்கிழமை அங்கே வார விடுமுறை என்பது மட்டுமே. 2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீர் குலுங்கியதும் சனிக்கிழமைதான். ஆனால் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தான் பகுதியில் அன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வகுப்பறைகளிலேயே மடிந்தார்கள். அப்படி இடியாத பள்ளிகளைக் கட்டும் வேலைக்குத்தான் நீ போயிருக்கிறாய் என்று எண்ணும்போது, உன்னைத் தடுக்க நான் சொன்னவை எல்லாம் எனக்கே சிறிதாகத் தெரிகின்றன. பட்டைக்குக் கம்பி வளைத்த அளவுகளை நீ குறித்து அனுப்பிய தாளை என் பழைய நண்பர்களிடம் காட்டினேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

தங்குமிடம் எப்படி என்று கேட்டால் மட்டும், பனிமலை தெரிகிறது என்று பதில் எழுதுகிறாய். குலுக்கம் பகலில்தான் வரும் என்று விதி ஏதும் இல்லை, மகளே. அந்த விரிசலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் நீலப் பையை அம்மா கவனிக்கவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் மண்சாந்து ஊறிவிடும். அதற்குள் அங்குள்ள பொறியாளரை அழைத்து வந்து சுவரைக் காட்டி, விரிசலின் அகலம் எவ்வளவு என்று எனக்கு எழுது. பூச்சை உடைத்துப் பார்க்கச் சொல். உடைக்கும்போது தூசி அதிகம் பறக்கும், ஆகவே பையையும் படுக்கையையும் இன்றே வேறிடத்துக்கு மாற்றிக்கொள்.

அன்புடன்,
அப்பா